நீச்சல் குளத்தில் ஒரு மணி நேரம் விளையாட விடுங்கள்: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

பங்குனி மாதக் கடைசியில் நீச்சல் குளத்தின் கதவில் ஒட்டப்பட்ட அறிவிப்பைப் படித்தேன். பந்து விளையாட்டு, துரத்திப் பிடித்தல், காசு எடுத்தல் உள்ளிட்ட எந்த விளையாட்டுக்கும் கோடை விடுமுறை முழுவதும் குளத்தில் அனுமதி இல்லை என்றும், குளம் நீச்சல் பயிற்சிக்கும் உடற்பயிற்சிக்கும் மட்டுமே என்றும், மீறும் பிள்ளைகளின் வீட்டுக்கு அபராதம் விதிக்கப்படும் என்றும் அதில் இருக்கிறது. அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள் என்றும், விடுமுறை நாட்களில் மாலை 5 மணி முதல் 6 மணி வரை உரிய கட்டுப்பாடுகளோடு விளையாட்டுக்கென ஒரு மணி நேரத்தை ஒதுக்கித் தாருங்கள் என்றும் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். உங்களிடம் நேரில் கொடுத்திருக்கலாம். ஆனால் இது நம் குடியிருப்பில் வளரும் எல்லாப் பிள்ளைகளையும் பற்றியது என்பதால், எல்லா வீட்டாரும் படிக்கும்படி எழுதுவதே முறை என்று தோன்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு ஏப்ரலில் பி பிளாக்கைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் குளக்கரையில் வழுக்கி விழுந்து முன்பல் உடைந்ததே, அன்று அவனைத் துரத்திக்கொண்டு ஓடியவன் என் பேரன்தான். இந்த அறிவிப்புக்குப் பின்னால் அந்த விபத்து இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அன்றிரவு பல் மருத்துவரின் வரவேற்பறையில் அந்தப் பையனின் தகப்பனாரோடு நானும் உட்கார்ந்திருந்தேன். அவர் என் மேல் ஒரு சொல் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அதிகமாக வலித்தது. மூன்றாம் நாள் அந்தப் பையனே எங்கள் வீட்டு அழைப்பு மணியை அடித்து, பாதிப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு, பேரனை விளையாடக் கூப்பிட்டான். பிள்ளைகள் அதைக் கடந்துவிட்டார்கள் என்பதற்காகப் பெரியவர்களாகிய நாமும் மறந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் விழுந்த இடம் எது என்பதை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். அவன் தண்ணீரில் அடிபடவில்லை. கால் கழுவும் தொட்டிக்கும் குளத்துக்கும் நடுவே, எப்போதும் ஈரமாகவே கிடக்கும் வழவழப்பான டைல்ஸ் தரையில் விழுந்தான். அந்த ஆறடி நீளத்துக்குச் சொரசொரப்பான ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட வேண்டும் என்று அப்போதே கேட்டோம். விரிப்பு இன்னும் வரவில்லை. தடை மட்டும் வந்துவிட்டது.

நம் குடியிருப்பில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் வாடகைக்கு இருப்பவர்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக நிற்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் பலர் வேறு வீட்டுக்கோ வேறு ஊருக்கோ போய்விடுகிறார்கள். காலை ஏழரை மணிக்கு நுழைவாயிலில் நின்றால், மஞ்சள் நிறப் பள்ளி வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகளை வெவ்வேறு பள்ளிகளுக்கு ஏற்றிச் செல்வதைப் பார்க்கலாம். மாலையில் திரும்பி வந்தால் டியூஷன், இந்தி வகுப்பு, கீபோர்டு வகுப்பு, அதற்குப் பிறகு வீட்டுப்பாடம். ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமலேயே பிரிந்துபோன இரண்டு குழந்தைகளை எனக்குத் தெரியும். இப்படிப்பட்ட பிள்ளைகள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் ஒரே இடம் கோடைக்கால நீச்சல் குளம்தான். மற்ற மாதங்களில் அவர்கள் லிஃப்டில் தலைகுனிந்து நிற்கிறார்கள். ஏப்ரலிலும் மே மாதத்திலும்தான் நண்பர்கள் ஆகிறார்கள். பதினோரு மாதத்தில் வீடு மாறப்போகும் ஒரு குழந்தைக்கு, மெல்ல மெல்லப் பழகி நட்பாகும் அவகாசம் இல்லை. அதற்கு விரைவான வழி வேண்டும், விளையாட்டை விட விரைவான வழியை நான் பார்த்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் புவனேஸ்வரத்திலிருந்து ஒரு குடும்பம் டி பிளாக்குக்கு வந்தது. ஒன்பது வயதுப் பெண் குழந்தை. ஒடியாவும் இந்தியும் தெரியும், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. நான்கு நாட்கள் குளத்தின் ஓரத்தில் கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்தே இருந்தாள். நீந்தத் தெரியாதவள் அல்ல. யாரோடு இறங்குவது என்று தெரியாதவள். ஐந்தாம் நாள் பையன்கள் காசு எடுக்கும் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பித்தளை நிற ஐந்து ரூபாய் நாணயத்தை நாலடி ஆழத்தில் போடுவார்கள். நீலத் தரையில் அது ஆடி ஆடி இறங்குவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். அன்று எறிந்தவன் குறி தவறி, காசு அவள் காலடியில் போய் விழுந்தது. அவள் ஒரு கணம் எல்லோரையும் பார்த்தாள். பிறகு சத்தமே இல்லாமல் சறுக்கி உள்ளே போனாள். மேலே வந்தபோது மூடிய கை முதலில் வந்தது, அதன் பிறகுதான் தலை வந்தது. கையைத் திறந்து காசைக் காட்டினாள். உடனே எங்கள் பேரன், அவள் ஆட்டத்திலேயே இல்லாதவள் என்பதையும் மறந்து, "போங்கு! போங்கு ஆட்டம்! அவ பக்கத்துலயே போட்டுட்டே!" என்று கத்தினான். அவள் தமிழில் கற்ற முதல் சொல் அந்தப் "போங்கு"தான். மறுநாள் அவளே அதைச் சொல்லிச் சண்டை போட்டாள். மே மாத நடுவில், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தபோது, ஆட்டத்தில் யார் பிடிப்பவர் என்று தீர்மானிக்கும் "சா பூ த்ரீ"க்குக் கைநீட்டும் வட்டத்தில் அவள் நடுவில் நின்றாள். பெற்றோர் யாரும் யாரையும் அறிமுகம் செய்து வைக்கவில்லை. "போய் ஃப்ரெண்ட்ஸ் ஆகு" என்று யாரும் தள்ளிவிடவில்லை.

இதைப் பல கோடைகளாகப் பார்த்து வருகிறேன் என்பதால் துணிந்து சொல்கிறேன்: நீளவாக்கில் போய்வரும் நீச்சலில் இது நடக்காது. அங்கே ஒவ்வொரு குழந்தையும் தன் தடத்தில், முகத்தைத் தண்ணீரில் புதைத்துக்கொண்டு தனியாகப் போகிறது. நல்ல பழக்கம்தான், நானும் அப்படித்தான் காலையில் நீந்துகிறேன். ஆனால் ஆட்டத்தில் மற்றவன் வேண்டும். பிடிக்க ஒருவன், தப்பிக்க ஒருவன், நடுவராக ஒருவன், "டைம் பிளீஸ்" என்று கையைத் தூக்கினால் நிறுத்துவதற்கு எல்லோரும் வேண்டும். நம் பிள்ளைகள் தெருவில் ஆட வழியில்லாத "கல்லா மண்ணா"வைக் குளத்துக்குக் கொண்டுவந்து "கரையா தண்ணியா" என்று மாற்றியிருக்கிறார்கள். படிக்கட்டு கரை, மற்றதெல்லாம் தண்ணீர். சிறு குழந்தை ஒன்று சேர வந்தால் "இவன் ஒப்புக்கு" என்று சொல்லி, அவன் அவுட் ஆகாத ஆட்டக்காரனாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த விதியை எந்தப் பெரியவரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஐந்து வயதுக் குழந்தையைப் பத்து வயதுக்காரர்கள் தாங்களாகவே பார்த்துக்கொள்ளும் இடம் நம் வளாகத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

நான் நாமக்கல் பக்கத்துக்காரன். மிதப்பதற்குச் சுரைப்புரடையை, அதாவது காய்ந்த சுரைக்காய்க் கூட்டை, முதுகில் கட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறோடு, என் தாய்மாமன் தள்ளிவிட்டுக் கிணற்றில் நீச்சல் பழகியவன். நீச்சல் வந்த பிறகு கோடை முழுவதும் எங்களுக்கு ஒரே ஆட்டம்தான்: வெள்ளைக் கல்லை எறிவது, முங்கி எடுத்து வருவது. ஆழத்துக்குப் போனவன் அடியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணையும் சேர்த்து அள்ளி வந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நம்ப மாட்டோம். சங்கப் பாட்டு ஒன்றில், கோலூன்றி இருமும் முதியவர் ஒருவர், மருத மரக்கிளையிலிருந்து மடுவில் குதித்து அடிமணலை எடுத்து வந்த தம் இளமையையும், அன்று உடனிருந்த கள்ளமில்லாத கூட்டாளிகளையும் நினைத்து வருந்துவார். அதைக் கல்லூரியில் படித்தபோது எங்கள் கிணறு எனக்கு நினைவுக்கு வந்தது. ஈராயிரம் ஆண்டாக ஆடிவரும் ஆட்டத்தைத்தான் ஐந்து ரூபாய்க் காசை வைத்து நம் பிள்ளைகள் ஆடுகிறார்கள். ஆனால் அந்தக் கிணற்றைப் பற்றி இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊரின் எல்லாப் பிள்ளைகளும் அதில் இறங்க முடிந்ததில்லை. வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போன என் வகுப்புத் தோழன் ஒருவனின் முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. அதைப் பற்றி மடலின் கடைசியில் மீண்டும் வருகிறேன்.

பயிற்சி வகுப்புக்கு இடைஞ்சல் என்ற காரணத்தை எடுத்துக்கொண்டால், பயிற்சியாளர் என்ன செய்கிறார் என்பதைக் கவனித்தேன். முதல் வாரத்தில் அவர் குழந்தைகளைத் தண்ணீருக்குள் வாயால் குமிழி விடச் சொல்கிறார். பிளாஸ்டிக் வளையங்களைப் போட்டு எடுத்து வரச் சொல்கிறார். தண்ணீருக்குள் கண்ணைத் திறப்பதற்கும் மூச்சை விடுவதற்கும் பயம் போக வேண்டும், அந்தப் பயம் விளையாட்டில்தான் போகும் என்பது அவருக்குத் தெரியும். அறிவிப்பின்படி பார்த்தால் அவருடைய பாடமே தடைக்குள் வந்துவிடும். மாலை 4 முதல் 7 வரை முழுக் குளத்தையும் வகுப்புக்கு ஒதுக்கியிருப்பதில் நடு ஒரு மணி நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்லி அவரிடம் பேச முடியாதா? சங்கத்துக்கு அந்த வகுப்பால் வருமானம் வருகிறது என்பது உண்மை. குளத்தின் பராமரிப்புக்கு எல்லா வீடுகளும் மாதாமாதம் பணம் கட்டுகின்றன என்பதும் உண்மை.

பாதுகாப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் அதில் உங்கள் கவலை நியாயமானது. 2021ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்றும், அவர்களில் கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நம் மாநிலத்திலும் கோடை விடுமுறையில் ஏரியிலும் கல்குவாரிக் குட்டையிலும் இறங்கிய பிள்ளைகளைப் பற்றிய செய்தி நாளிதழில் வராத ஆண்டு இல்லை. மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. மூச்சுக்கே வழியில்லாதபோது குரலுக்கு வழி ஏது? பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் முடிந்துவிடும். ஆகவே அமைதியான குளம் பாதுகாப்பான குளம் என்று எண்ணிவிட வேண்டாம். அறிவிப்பு வந்த பிறகு ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்கு, இரண்டு சிறுவர்கள் மட்டும், கண்காணிக்க யாருமில்லாமல், பேச்சே இல்லாமல் நீந்திக்கொண்டிருந்ததைப் பார்த்து நான் பதறிக் கீழே ஓடி வந்தேன். ஐந்து மணிக்குக் கூச்சலும் கும்மாளமுமாக, நான்கு பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, முப்பது பிள்ளைகள் ஆடும்போது எனக்கு அந்தப் பதற்றம் வந்ததில்லை.

ஆடக்கூடாத ஆட்டமும் உண்டு. யார் அதிக நேரம் மூச்சடக்கி அடியில் இருப்பது என்ற போட்டியை அடியோடு தடை செய்ய வேண்டும். இதில் உங்களை விடக் கண்டிப்பாக இருப்பேன். வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு மூழ்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது. மூச்சு விடு என்று உடம்பை உந்துவது முக்கியமாக அந்த வாயுதான். உந்துதல் வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கே தண்ணீருக்கடியில் நினைவு தப்பிவிடும். காசு எடுப்பது அப்படிப்பட்டதல்ல. சில நொடிகளில் போய்வருவது. அதையும் நாலடிக்கு மேல் ஆழமில்லாத பக்கத்தில், ஒரு நேரத்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். கரையில் ஓடினால் அன்றைய ஆட்டம் முடிந்தது, தண்ணீருக்குள் ஒருவர் தலையை மற்றவர் அமுக்கினால் அந்த வாரமே வரக்கூடாது என்பவற்றையும் சேர்த்து, குளக்கதவில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதி வைக்கலாம். பிள்ளைகளையே எழுதச் சொன்னால் இன்னும் கடுமையாக எழுதுவார்கள். விதி மீறியவனை அவர்கள் நம்மைப் போல் மன்னிப்பதில்லை.

தண்ணீர் கலங்குகிறது, கண் எரிகிறது என்ற புகாருக்கு விளையாட்டைக் குறை சொல்ல முடியாது. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேரும்போது உண்டாகும் குளோரமைன்தான் பெரும்பாலும் அந்த எரிச்சலுக்கும் நெடிக்கும் காரணம். இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம் ஷவரில் நின்றாலே உடம்பின் அழுக்கில் பெரும்பகுதி போய்விடும். இந்தப் பழக்கம் பிள்ளைகளை விடப் பெரியவர்களுக்கே தேவைப்படுகிறது என்பதைப் பணிவோடு சொல்கிறேன். சித்திரை, வைகாசி வெயிலில் திறந்தவெளிக் குளத்தின் குளோரின் வேகமாகக் குறையும். ஆகையால் காலையில் ஒரு முறை பார்ப்பது போதாது, மாலை ஆட்டத்துக்கு முன்பும் அளந்து பலகையில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். 2019 கோடையில் செங்குன்றம், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, இந்தச் சாலை முழுவதும் லாரித் தண்ணீரை நம்பி நின்றபோது நீங்கள் குளத்தை மூடினீர்கள். அப்போது நாங்கள் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை. அப்படி ஒரு நிலை மறுபடி வந்தால் மறுபடியும் மூடுங்கள். இப்போது அந்த நிலை இல்லை.

சத்தம் இருக்கத்தான் செய்யும். ஏ பிளாக்கின் தரைத்தள வீடுகளில் கைக்குழந்தையும் நோயாளியும் இருக்கிறார்கள் என்பதாலேயே இரண்டு மணி நேரம் கேட்காமல் ஒரு மணி நேரம் கேட்கிறேன்.

பிள்ளைகளின் நட்பு பிள்ளைகளோடு நிற்பதில்லை என்பதற்கு நீங்களும் சாட்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் வாகன நிறுத்துமிடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்று, மின்சாரம் இல்லாமல், செல்போன் இணைப்பும் இல்லாமல் கிடந்தோம். எந்த வீட்டில் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் தீர்ந்திருக்கும், எந்த வீட்டில் வயதானவர் மாடியில் தனியாக இருப்பார் என்பதை அன்று யார் சொன்னார்கள்? சங்கத்தின் பதிவேட்டில் உரிமையாளர்களின் பெயர்கள் இருந்தன. அவர்களில் பலர் வெளிநாட்டில் இருந்தார்கள். குளக்கரை பெஞ்சில் துண்டோடும் பிஸ்கட் பொட்டலத்தோடும் உட்கார்ந்து பழகிய தாய்மார்கள்தான் வீடு வீடாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். புவனேஸ்வரத்துப் பெண்ணின் தாயார் இருட்டில் ஆறு மாடி ஏறி வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, என் மனைவியின் சர்க்கரை நோய் மாத்திரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த அம்மாளை எங்களுக்கு அறிமுகப்படுத்தியது அந்த ஐந்து ரூபாய்க் காசு.

என் கோரிக்கையில் ஒன்று பாக்கி இருக்கிறது. வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போன அந்த வகுப்புத் தோழனை நினைத்துத்தான் இதைக் கேட்கிறேன். வாயில் காவலரின் மகன் விடுமுறைக்குத் தகப்பனாரோடு வந்து தங்குகிறான். குளத்தின் கம்பி வேலிக்கு வெளியே, சரக்கொன்றை மரத்தடியில் தினமும் மாலை நிற்பான். பந்து வேலியைத் தாண்டி விழும்போதெல்லாம் அவன்தான் ஓடிப்போய் எடுத்து எறிவான். நன்றாக எறிவான், எந்தப் பக்கம் தோற்றுக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கத்துக்குப் பார்த்து எறிவான். பிள்ளைகள் அவன் பெயரைச் சொல்லித்தான் பந்தைக் கேட்கிறார்கள். வேலிக்கு வெளியே நின்றபடியே அவன் ஏற்கெனவே ஆட்டத்தில் இருக்கிறான். பணியாளர்களின் குடும்பத்தினர் குளத்தைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி இருப்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு மணி நேரத்துக்காவது, நம் வளாகத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு அந்த விதியைத் தளர்த்துங்கள். அவனுக்கு நீச்சல் தெரியாது. ஆழமில்லாத பக்கத்தில் நானே கூட நின்று பழக்குகிறேன்.

கண்காணிப்புக்கு என்னோடு ஐந்து பெற்றோர் முறைவைத்து உட்காருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்; அவர்களில் பி பிளாக்குச் சிறுவனின் தகப்பனாரும் ஒருவர். அந்தத் தாளை இம்மடலோடு அலுவலகத்தில் சேர்த்திருக்கிறேன். ரப்பர் விரிப்பின் செலவை நாங்கள் ஆறு வீட்டாரும் பகிர்ந்துகொள்கிறோம். பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் ஒருவரை விடுமுறை முடியும் வரை அமர்த்துவதற்கு மட்டும் சங்கம் பொறுப்பேற்க வேண்டும். அவர் எங்கள் ஒரு மணி நேரத்துக்கு மட்டுமின்றி, குளம் திறந்திருக்கும் நேரம் முழுவதற்கும் தேவைப்படுபவர்.

வரும் ஞாயிற்றுக்கிழமை செயற்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். கத்திரி தொடங்க இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
சி பிளாக்கில் வசிக்கும் ஒரு தாத்தா